திருகைத் தொடாதே தம்பி!

முப்பது வருஷத்துக்கு முன்னால் நான் ஒரு தப்புப் பண்ணினேன். பயப்படாதீர்கள், போலீஸ் கேஸ் இல்லை. ஒரு சின்னத் திருகைத் திருப்பினேன், அவ்வளவுதான். அதில் என் நண்பன் ஒருத்தனுடைய குறி தப்பிப் போனது. அது என் வேலை என்று எனக்கே போன மாசம்தான் தெரிந்தது.

முதலில் என்னைப் பற்றி. கணக்குப் பிரிவில் சீனியர் அசிஸ்டென்ட். சர்க்கரை கொஞ்சம், தொந்தி கொஞ்சம் அதிகம். டாக்டர் "ஏதாவது விளையாடுங்க" என்றார். ஷட்டில் ஆடினால் மூட்டு வலிக்கிறது. நீச்சல் குளத்தில் என்னைவிடக் குழந்தைகள் வேகமாகப் போகின்றன. படுத்துக்கொண்டே விளையாடும் விளையாட்டு ஏதாவது இருக்கிறதா என்று தேடியபோது கிடைத்ததுதான் ரைபிள் ஷூட்டிங். நிஜமாகவே குப்புறப் படுத்துக்கொண்டு சுடலாம். 'ப்ரோன்' என்று அதற்கு மரியாதையான பெயர்கூட இருக்கிறது.

வீட்டில் சொன்னதும், "இருக்கற கடன் போதாதா, துப்பாக்கி வேறயா?" என்றாள் மனைவி. நியாயமான கேள்வி. ஆனால் துப்பாக்கி நான் வாங்கவில்லை. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் .22 ரைபிளை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. க்ளப்பில் மெம்பராகி, க்ளப்பின் ரைபிளை, க்ளப்பின் ரேஞ்சில், கோச் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் சுடலாம். அதுதான் ஏற்பாடு.

கோச், ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலூர்ப் பக்கம். எழுபதைத் தாண்டியும் முதுகு ஸ்கேல் வைத்த மாதிரி நிமிர்ந்திருக்கும். எல்லோரும் 'மாஸ்டர்' என்போம். அவருக்கு நாங்கள் எல்லோரும் 'தம்பி'. ரிட்டயராக இரண்டு வருஷமிருக்கும் பாங்க் மேனேஜர்கூட தம்பிதான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் ஒரு தோட்டாவை என் உள்ளங்கையில் வைத்தார். சுண்டு விரலின் பாதிகூட இல்லை.

"அடியில பாருங்க தம்பி. சுத்தி ஒரு விளிம்பு இருக்குதா? மருந்து அந்த விளிம்புக்குள்ளதான் இருக்குது. ஊசி அங்க ஓரத்துல தட்டினாப் போதும், வெடிக்கும். அதான் ரிம்ஃபயர்."

பெரிய துப்பாக்கித் தோட்டாக்களில் அடியின் நடுவில் தனியாக ஒரு கேப் இருக்கும். இதில் அது கிடையாது. '.22 லாங் ரைபிள்' என்கிற இந்தத் தோட்டா 1887-லேயே வந்துவிட்டது. இன்றும் அதே அளவில் விற்கிறது. குண்டின் எடை சுமார் 2.6 கிராம். பந்தயத்துக்கான ரகம் ஒலியைவிடச் சற்றுக் குறைந்த வேகத்தில் போகும். உதை கிடையாது, பெரிய சத்தம் கிடையாது. ஆனால் விளையாட்டுச் சாமான் என்று நினைத்தால் ஆபத்து. சரியான இடத்தில் பட்டால் ஆளையே முடித்துவிடும்.

"கையில இருக்கற ரைபிள்ல எப்பவும் தோட்டா இருக்குதுன்னே நெனச்சுக்கணும். காலின்னு நீங்களே பார்த்து வெச்சிருந்தாலும் சரி. வாய் எப்பவும் டார்கெட் பக்கம். சுடற நிமிஷம் வரைக்கும் விரல் வெளியில." இதை மாஸ்டர் ஒவ்வொரு வாரமும் சொல்வார். பிரேயர் மாதிரி.

அப்புறம் சைட்.

டெலஸ்கோப் எல்லாம் கிடையாது. பின்னால் கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு தகடு, அதில் பொட்டு மாதிரி ஒரு துளை. இது பேக்சைட். குழலின் முனையில் ஒரு சின்ன வளையம். இது ஃபோர்சைட். துளை வழியாக வளையத்தைப் பார்க்க வேண்டும். வளையத்துக்குள் டார்கெட்டின் கறுப்பு வட்டம் நடு சென்டராக உட்கார வேண்டும். பேக்சைட்டில் இரண்டு திருகு. ஒன்று குண்டை மேலே கீழே கொண்டுபோக, இன்னொன்று இடது வலது. திருப்பினால் வாட்சுக்குச் சாவி கொடுக்கிற மாதிரி 'க்ளிக் க்ளிக்' என்று சத்தம் வரும்.

இதில் ஒரு சிக்கல். நம் கண்ணால் துளை, வளையம், டார்கெட் மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க முடியாது. ஆபீஸில் மேனேஜர், யூனியன் செக்ரட்டரி, வீட்டுக்காரி மூவரையும் ஒரே நாளில் திருப்திப்படுத்த முடியாது இல்லையா, அந்த மாதிரி.

"வளையத்தைப் பாருங்க. அது கத்தி மாதிரி தெரியணும். டார்கெட் மங்கலா இருந்தாப் பரவாயில்ல" என்றார் மாஸ்டர்.

சுட வேண்டியதைப் பார்க்காமல் சுடுவதா? எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் படுத்தேன். மணல் மூட்டை மேல் இடது கையை வைத்தேன். ஐம்பது மீட்டர் தூரத்தில் டார்கெட். முதல் குண்டு. மாஸ்டர் பைனாகுலரில் பார்த்து, "ஏழு. இடது பக்கம்" என்றார்.

என் கை தானாகத் திருகுக்குப் போனது.

'பட்'டென்று ஓர் அடி, புறங்கையில்.

"திருகைத் தொடாதே தம்பி!"

ஐம்பதைத் தாண்டினவனைக் கையில் அடித்துவிட்டாரே என்று கோபம் வரவில்லை. என்னவோ வயிற்றில் கலக்கியது. இதே அடியை வேறெங்கோ வாங்கியிருக்க வேண்டியவன் நான் என்று தோன்றியது.

"ஒரு குண்டை வெச்சு என்னா தெரியும்? அது ரைபிள் தப்பா, உங்க தப்பா, காத்தா? தெரியாது இல்ல? அஞ்சு போடுங்க. அஞ்சும் ஒரே இடத்தைப் பார்த்துப் போடுங்க. எங்க வேணாப் போவட்டும். திருகு கிட்ட மட்டும் போவாதீங்க. அப்புறம் பேசலாம்."

போட்டேன். டார்கெட்டை இழுத்து வந்து பார்த்தால் ஐந்து ஓட்டைகளும் தீபாவளி மத்தாப்புச் சிதறின மாதிரி நாலு திசையில். மாஸ்டர் சிரித்தார்.

"இதுக்கு எந்தப் பக்கம் திருப்பப் போறீங்க, சொல்லுங்க?"

பதில் இல்லை. ஒன்று மேலே, ஒன்று கீழே, இரண்டு இடது, ஒன்று வலது. முதல் குண்டை நம்பி நான் வலப்பக்கம் திருப்பியிருந்தால் அந்த வலது ஓட்டை இன்னும் தூரம் போயிருக்கும். அதைப் பார்த்து மறுபடி இடது பக்கம் திருப்பியிருப்பேன். ஒவ்வொரு குண்டுக்கும் சைட்டைத் திருத்திக்கொண்டே போனால் சிதறல் குறையாது, கூடும். டீயில் சர்க்கரை கூட என்று உப்புப் போட்டு, உப்புக் கூட என்று தண்ணீர் ஊற்றுகிற சமையல் அது.

அதற்கப்புறம் ஆறு வாரம் மாஸ்டர் திருகைத் தொட விடவில்லை. மூச்சைப் பாதி விட்டு நிறுத்து. ட்ரிகரை இழுக்காதே, எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி மெதுவாக அழுத்து. எப்போது வெடிக்கும் என்று உனக்கே தெரியக் கூடாது. ரைபிளை இடது வலது சாய்க்காதே. கன்னத்தை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வை. ஒரே டப்பாத் தோட்டாவையே சுடு. கம்பெனி மாறினால் மட்டுமில்லை, டப்பா மாறினாலே சில சமயம் குண்டு வேறு இடத்துக்குப் போகும்.

ஏழாவது வாரம் டார்கெட்டை இழுத்து வந்தோம். ஐந்து ஓட்டைகளும் ஒரு ஐந்து ரூபாய்க் காசில் அடங்கும் அளவுக்கு நெருங்கியிருந்தன. ஆனால் எல்லாம் இடது பக்கம் கீழே.

நான் முகத்தைத் தொங்கப் போட்டேன். மாஸ்டரோ என் முதுகில் தட்டினார்.

"இப்ப நீங்க ஷூட்டர் தம்பி! இது ரைபிள் தப்பு. உங்க தப்பு இல்ல. இப்பத் திருகைத் தொடுங்க."

கணக்குப் பிரிவு ஆசாமிக்கு அடுத்து நடந்ததுதான் சொர்க்கம். ஐந்து ஓட்டைகளுக்கும் நடுப்புள்ளியைக் கண்ணால் குறித்து, அங்கிருந்து டார்கெட்டின் நடுவுக்கு ஸ்கேல் வைத்து அளந்தோம். கீழே 29 மில்லிமீட்டர். இடது 18.

கோண அளவில் 'மினிட்' என்று ஒன்று உண்டு. ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. ஐம்பது மீட்டர் தூரத்தில் ஒரு மினிட் என்பது ஏறக்குறைய 14.5 மில்லிமீட்டர். எங்கள் ரைபிளின் சைட்டில் ஒரு க்ளிக் கால் மினிட். அதாவது ஐம்பது மீட்டரில் ஒரு க்ளிக்குக் குண்டு 3.6 மில்லிமீட்டர் நகரும். 29-க்கு எட்டு க்ளிக் மேலே, 18-க்கு ஐந்து க்ளிக் வலது. திருப்பினோம். மறுபடி ஐந்து குண்டு. நடுவில் பூத்தது கொத்தாக ஒரு கறுப்பு ஓட்டை! இதற்குப் பெயர்தான் 'ஜீரோ' பண்ணுவது. நான் வாழ்க்கையில் சந்தோஷமாக வாங்கின ஒரே ஜீரோ.

க்ளிக் இல்லாத பழைய ரைபிள் என்றால்? அதற்கும் கணக்கு உண்டு. இரண்டு சைட்டுக்கும் நடுவே 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 மீட்டரில் சுடும்போது சைட் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் குண்டு சுமார் 42 மில்லிமீட்டர் நகரும். 50 மீட்டரில் 83. இங்கே நூலளவு, அங்கே நாலு விரல்! அதனால்தான் மாஸ்டர் ரைபிளைக் கீழே வைக்கும்போதுகூடக் கைக்குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி வைப்பார்.

எந்தப் பக்கம் நகர்த்துவது என்பதில்தான் எல்லோரும் குழம்புவார்கள். மாஸ்டரின் சூத்திரம் இது. பேக்சைட் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. குண்டு வலது பக்கம் போக வேண்டுமா, பேக்சைட்டை வலது பக்கம் நகர்த்து. மேலே போக வேண்டுமா, மேலே ஏற்று. ஃபோர்சைட் எதிர்ப்பேச்சுப் பேசுகிற பிள்ளை. குண்டு வலது பக்கம் போக வேண்டுமானால் அதை இடது பக்கம் தள்ள வேண்டும். மேலே போக வேண்டுமானால் அதன் உயரத்தைக் குறைக்க வேண்டும். பழைய ரைபிள்களில் ஃபோர்சைட் முள்ளை அரம் வைத்து ராவுவார்கள். ராவினால் ராவினதுதான், திரும்ப ஒட்ட முடியாது. அதனால் கொஞ்சம் ராவு, ஐந்து சுடு, மறுபடி கொஞ்சம் ராவு.

ஜீரோவுக்குத் தூரமும் முக்கியம். நம் பார்வை நேர்கோடு. குண்டு போகிற வழி வளைவு. சைட்டுக்குக் கீழேயிருக்கும் குழலிலிருந்து கிளம்பி, மேலே ஏறி, அப்புறம் இறங்கும். ஐம்பது மீட்டருக்கு ஜீரோ பண்ணின .22-ஐ அப்படியே நூறு மீட்டருக்குக் கொண்டுபோனால் குண்டு ஏறக்குறைய ஒரு சாண் கீழே விழும். ரைபிள் கெட்டுப்போச்சு என்று புலம்பக் கூடாது. ஊட்டிக்கு எடுத்த டிக்கெட்டில் டில்லிக்குப் போக முடியுமா? பக்கவாட்டில் நல்ல காற்று அடித்தால் ஐம்பது மீட்டருக்குள்ளேயே இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளிவிடும். அதற்காகத்தான் ரேஞ்சில் சின்னச் சின்னக் கொடிகள். கோயில் திருவிழாவுக்குக் கட்டினது என்று நான் நினைத்திருந்தேன்.

"இதெல்லாம் பெரிய மனுஷங்க விளையாட்டு சார்" என்று ஆபீஸில் ஒரு தம்பி சொன்னான். அவனுக்கு ஒரு சேதி சொன்னேன். 2024 ஆகஸ்ட் 1-ஆம் தேதி, பாரிஸ் ஒலிம்பிக்ஸ். 50 மீட்டர் ரைபிள், மண்டியிட்டு, படுத்து, நின்று என மூன்று நிலைகள். இதே .22 தோட்டா, இதே துளை, இதே வளையம். அந்த டார்கெட்டில் பத்து மார்க் வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர், நம் சட்டைப் பட்டன் அளவு. மகாராஷ்டிரத்துக்காரர் ஸ்வப்னில் குசாலே அதில் வெண்கலம் வாங்கினார். அந்தப் பிரிவில் இந்தியாவுக்கு முதல் ஒலிம்பிக் மெடல். மெடல் வாங்கும்போது அவர் என்ன வேலையில் இருந்தார் தெரியுமா? மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர்! தம்பி அதற்கப்புறம் பேசவில்லை.

ஜீரோ பண்ணின அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மாஸ்டர் கையில் அடித்தபோது வயிற்றைக் கலக்கியதே, அது என்ன என்று புரிந்துவிட்டது.

1994. காலேஜில் நான் என்.சி.சி. தேசபக்தி பாதி, பரேடு முடிந்ததும் தருகிற பூரி கிழங்கு பாதி. டிசம்பர் லீவில் கேம்ப். ஃபயரிங் டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள். தோட்டா எண்ணித்தான் தருவார்கள். ஆளுக்கு ஐந்து. சோதித்துப் பார்க்க என்று தனியாகக் கிடையாது. தூரம் 25 கஜம். போட்டிக்கென்று வைத்திருந்த இரண்டு ரைபிள்களில் மட்டும் துளை சைட்டும் திருகும் இருந்தன. முந்தின நாள் சாயங்காலமே உஸ்தாத் மணல் மூட்டை வைத்து இரண்டையும் ஜீரோ பண்ணியிருந்தார். "சைட்டை யாரும் தொடக் கூடாது" என்று ஹிந்தியில் சொன்னார். எனக்கு ஹிந்தி தெரியாது என்று தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் கையை ஆட்டியும் காட்டினார். அது எல்லா பாஷையிலும் புரியும்.

மூன்றாவது டீடெயிலில் நான். அதே ரைபிளுக்கு எனக்கு அடுத்து என் நண்பன். ஒல்லிப் பையன், விவசாயக் குடும்பம். போலீஸில் எஸ்.ஐ. ஆகணும் என்று ஆசை. டீமில் இடம் கிடைத்தால் டில்லி கேம்ப் வரைக்கும் போகலாம் என்று ராத்திரியெல்லாம் பேசிக்கொண்டிருந்தான்.

என் முதல் குண்டு இடது பக்கம் வெள்ளைக் காகிதத்தில் போனது, கண்ணுக்கே தெரிந்தது. யாரும் பார்க்காதபோது திருகை வலது பக்கம் திருப்பினேன். இரண்டாவதும் இடது. மறுபடி திருப்பினேன். மூன்றாவதும் அப்படியே, இன்னும் திருப்பினேன். கடைசி இரண்டு எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியாது. ட்ரிகரைப் பிடுங்கியது நான். தண்டனை திருகுக்கு. எழுந்து வந்துவிட்டேன், திரும்ப வைக்கவில்லை. எத்தனை க்ளிக் என்று எண்ணியிருந்தால்தானே?

அடுத்து அவன் படுத்தான். சுட்டான். டார்கெட் வந்தது. ஐந்து ஓட்டைகளும் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஆனால் நடுவிலிருந்து வலது பக்கம் இரண்டு விரல் தள்ளி. ஐந்தும் வெளி வளையம். மார்க் சொற்பம். வரிசையில் இன்னும் நாற்பது பேர் நிற்கிறார்கள், வெயில் ஏறுகிறது. மார்க்கைக் கூட்டினார்கள், அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

அன்று ராத்திரியே அவனுக்குப் பட்டப் பெயர் விழுந்தது: 'பக்கத்து இலை'. பாயசத்தை எங்கே ஊற்றச் சொன்னால் எங்கே ஊற்றுகிறான் என்று அர்த்தம். சிரித்தவர்களில் நானும் ஒருத்தன்.

அதற்கப்புறம் அவன் ரைபிளைத் தொடவில்லை. "என் கண்ணுல ஏதோ கோளாறுடா. நேராப் பார்த்தா வலதுல போவுது" என்பான். எஸ்.ஐ. பரீட்சைக்கு அப்ளிகேஷன் வாங்கி வைத்திருந்தான், போடவில்லை. அதற்கு இது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதுவும் ஒன்று.

ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கால்குலேட்டரை எடுத்தேன். 25 கஜத்தில் ஒரு க்ளிக்குக் குண்டு ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நகரும். இரண்டு விரல் அகலம் என்றால் முப்பத்து மூன்று, முப்பத்தைந்து மில்லிமீட்டர். இருபது க்ளிக்! மூன்று தடவை நான் அள்ளித் திருப்பினதற்குச் சரியாக வருகிறது. கணக்கு டேலி.

அவன் குறி தப்பவே இல்லை. அந்த மைதானத்தில் அன்று சுட்டவர்களில் அவனைப்போல ஐந்தையும் ஒரே இடத்தில் போட்டவன் ஒருத்தனும் இல்லை. கண்ணில் கோளாறு இல்லை. கோளாறு என் கையில்.

அவன் இப்போது கும்பகோணத்தில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கிறான். வருஷத்துக்கு ஒரு தடவை, பொங்கலுக்குப் பேசுவோம். மறுநாள் காலையில் போன் போட்டேன்.

"என்னடா, பொங்கலுக்கு இன்னும் நாளிருக்கே?"

சொன்னேன். திருகு, க்ளிக், இருபது, எல்லாம். மூச்சு விடாமல் சொன்னேன். எதிர்முனையில் சத்தமே இல்லை. கடையில் யாரோ "அண்ணே, முக்கால் இஞ்ச் எல்போ இருக்கா?" என்று கேட்பது மட்டும் கேட்டது. திட்டப் போகிறான் என்று காத்திருந்தேன்.

"டேய்..."

"சொல்லுடா."

"அஞ்சும் ஒரே இடத்துலயா இருந்துச்சு?"

"ஒரே இடத்துலடா. ஒரு ரூபாய்க் காசுக்குள்ள."

கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொரு தரம் சொல்லு" என்றான்.

சொன்னேன்.

"இரு, பையன் பக்கத்துல இருக்கான். ஸ்பீக்கர்ல போடறேன். அவன்கிட்டயும் சொல்லு."

அதையும் சொன்னேன்.

அடுத்த மாதம் சென்னைக்குச் சரக்கு எடுக்க வருகிறானாம். மாஸ்டரிடம் கேட்டுவிட்டேன். விசிட்டராக வந்து, அவர் கண் முன்னால் க்ளப் ரைபிளில் சுட அனுமதி வாங்கித் தருகிறேன் என்றிருக்கிறார். தோட்டாச் செலவு என்னுடையது.

ரைபிளை நானே ஜீரோ பண்ணி வைத்திருப்பேன். அப்புறம் இரண்டு கையையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு தள்ளி நின்றுவிடுவேன்.